இரண்டாம் காது உபரி அல்ல

காது பரிசோதனை முடிந்ததும் கையில் தருகிற ஆடியோகிராம் தாளில் இரண்டு கோடுகள் இருக்கும். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள். இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். வயதாகும்போது வரும் காது மந்தத்தில் பெரும்பாலும் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று ஒட்டியபடியே கீழே சரியும். இரண்டு காதுக்கும் உதவி வேண்டும் என்று தாள் சொல்லிவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துப் போடும் பில்லில் ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது. நீலக் கோடு எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்காததற்குக் காரணம், "ஒரு காதுக்குப் போட்டாலே போதும்" என்று ஊரே நம்புவதுதான். வீட்டில் மகன் சொல்கிறார், கடைக்காரர் ஆமோதிக்கிறார், மருத்துவர்களிலும் சிலர் தலையாட்டுகிறார்கள். நான் ஒன்பது ஆண்டுகளாகக் கருவி அணிகிறவன். முதல் நான்கு ஆண்டுகள் இதை நம்பி வலது காதில் மட்டும் அணிந்தேன். அந்த நம்பிக்கை தவறு, அதனால் விளையும் நஷ்டம் பெரிது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு காதிலும் கருவி மாட்டினால் சத்தம் இரண்டு மடங்காகும். காது மந்தமானவர்களுக்கு ஏற்கெனவே பெரிய சத்தம் ஆகாது. அவர்களால் தாங்க முடியாது. இருப்பதில் நல்ல காதுக்கு உதவினால் பேச்சு புரிந்துவிடும். மற்றக் காதைச் சும்மா விட்டால் அது கெடாமல் இருக்கும். இரண்டு வாங்கியவர்களில் பலர் ஒன்றைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, செலவு பாதி. இவை போகிறபோக்கில் ஒதுக்கிவிடக்கூடிய வாதங்கள் அல்ல. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உண்மை ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் இவை இத்தனை காலம் நிற்கின்றன. வரிசையாக எடுத்துக்கொள்கிறேன்.

1. சத்தம் இரண்டு மடங்காகும் என்பது தப்புக் கணக்கு

பள்ளி இயற்பியல் பாடத்தில் இரண்டு சொற்கள் படித்திருப்போம்: ஒலிச்செறிவு, உரப்பு. ஒலிச்செறிவு வெளியே காற்றில் இருப்பது. கருவி வைத்து டெசிபெல்லில் அளந்துவிடலாம். உரப்பு நமக்குள் உணரப்படுவது. இந்த இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. உரப்பை அளக்க 1936இல் 'சோன்' என்ற அளவுகோலை முன்வைத்தவர் அமெரிக்க உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ். அந்த அளவுகோலின்படி, நடுத்தரமான ஓர் ஒலி நம் உணர்வில் இரட்டிப்பாக வேண்டுமென்றால் அது சுமார் 10 டெசிபெல் ஏற வேண்டும்.

இரண்டு காதால் கேட்கும்போது எவ்வளவு ஏறுகிறது? ஏறுகிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஒரு காதின் உரப்பும் மறு காதின் உரப்பும் அப்படியே கூடி இரட்டிப்பாகும் என்றுதான் 1933இல் ஃபிளெட்சரும் மன்சனும் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்த அளவீடுகள் அதைக் குறைத்துவிட்டன. மிக மெல்லிய ஒலிகளில் சுமார் 3 டெசிபெல்லுக்கும், உரத்த ஒலிகளில் சுமார் 6 டெசிபெல்லுக்கும் சமமான ஏற்றம்தான் பொதுவாகக் கிடைக்கிறது. ஒரு காதுக்கு வரும் ஒலி மறு காதின் ஒலியைச் சற்றே அடக்கி வைக்கிறது என்பது பிரையன் மூரும் கிளாஸ்பெர்க்கும் 2007இல் தந்த விளக்கம். அதன்படி இரண்டு காதின் உரப்பு ஒரு காதின் உரப்பைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குதான்.

இவையும் பெரும்பாலும் ஹெட்ஃபோன் மாட்டி ஆய்வகத்தில் எடுத்த கணக்குகள். 2009இல் எப்ஸ்டீனும் ஃபுளோரன்டைனும் ஒருபடி மேலே போனார்கள். பேசுகிறவரின் முகம் தெரிய, ஒலிபெருக்கி வழியாகப் பேச்சைக் கேட்கவைத்தார்கள். ஒரு காதால் கேட்பதற்கும் இரண்டு காதால் கேட்பதற்கும் இடையிலான உரப்பு வித்தியாசம் ஹெட்ஃபோனில் இருந்ததைவிட நன்றாகச் சுருங்கிப்போனது. எதிரே ஒருவர் பேசுகிறார் என்று தெரிந்தால் மூளை அந்தப் பேச்சின் அளவை நிலையாகப் பிடித்துக்கொள்கிறது என்றுதான் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

காது நன்றாகக் கேட்பவர்கள் இதை இப்போதே சோதிக்கலாம். எதிரே அமர்ந்து ஒருவரைப் பேசச் சொல்லி, ஒரு காதை விரலால் இறுக அடைத்துப் பாருங்கள். அவர் குரல் பாதியாகிவிட்டது என்றா தோன்றுகிறது? கொஞ்சம் மங்கும், ஒரு பக்கமாகச் சாயும், அவ்வளவுதான். விரலை எடுத்ததும் உங்கள் காது கிழிவதும் இல்லை.

2. பெரிய சத்தம் ஆகாது என்பது கருவியைச் சரியாக அமைக்கச் சொல்லும் காரணம்

வீட்டில் பெரியவர்களுக்குக் காது மந்தம் என்றால் இந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும். "அப்பா, சாப்பிட வாங்க" என்று மகள் சொல்கிறாள். பதில் இல்லை. இன்னொரு முறை சொல்கிறாள். இல்லை. மூன்றாம் முறை குரலை உயர்த்துகிறாள். "ஏன் இப்படிக் கத்துற? எனக்கென்ன காது செவிடா?" என்கிறார் அப்பா. அவர் வேண்டுமென்று செய்வதில்லை. உள்காதில் உள்ள நுண்மயிர் செல்கள் பழுதாகும்போது மெல்லிய ஒலிகள் கேட்காமல் போகின்றன. உரத்த ஒலிகளோ ஏறக்குறைய முன்பு இருந்த அதே உரப்போடு கேட்கின்றன. நன்றாகக் கேட்கும் காதுக்கு, கேட்கத் தொடங்கும் இடத்துக்கும் காது கூசும் இடத்துக்கும் நடுவே சுமார் 100 டெசிபெல் இடமிருக்கும். 60 டெசிபெல் குறைவு உள்ளவருக்குச் சுமார் 40தான் மிச்சம். மகளின் மூன்று அழைப்புகளும் அந்தக் குறுகிய சந்துக்குள் நுழைய வேண்டும்.

இந்தச் சிக்கல் ஒவ்வொரு காதிலும் தனித்தனியாக இருக்கிறது. ஒரு கருவி போட்டாலும் இருக்கும், இரண்டு போட்டாலும் இருக்கும். இதற்காகத்தான் இன்றைய டிஜிட்டல் கருவிகள் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்குகின்றன. ஓர் எல்லைக்கு மேல் போகாமல் தடுத்தும் வைக்கின்றன.

இரண்டு காதும் சேரும்போது ஏறும் உரப்பும் ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது. எந்தக் காதுக்கு எவ்வளவு பெருக்க வேண்டும் என்று கணக்கிட உலகெங்கும் பயன்படும் சூத்திரங்களில் ஒன்று, ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகம் உருவாக்கிய என்.ஏ.எல்.-என்.எல்.2. கருவி ஒரு காதுக்கா, இரண்டு காதுக்கா என்பதை அதற்குச் சொல்ல வேண்டும். இரண்டு என்றால் ஒவ்வொரு கருவியின் பெருக்கத்தையும் அது குறைக்கிறது: மெல்லிய ஒலிகளுக்கு 2 டெசிபெல், மிக உரத்த ஒலிகளுக்கு 6 டெசிபெல் வரை. எந்தச் சத்தத்தைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்களோ அந்த இடத்தில்தான் அதிகமாகக் குறைக்கிறது.

இதன் விளைவு என்ன? ஒரே கருவி அணிகிறவர் அத்தனை பெருக்கத்தையும் ஒரு காதிலேயே தாங்குகிறார். கருவி விசில் அடிக்கும் வாய்ப்பு கூடுகிறது. மறுபக்கம் இருப்பவர் பேசினால் வால்யூமை இன்னும் ஏற்றுகிறார். இரண்டு அணிகிறவருக்கு அதே உரப்பு, காதுக்குக் காது குறைந்த பெருக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. ஆகவே சத்தத்துக்குப் பயப்படுகிறவர்தான் முதலில் இரண்டு கருவி கேட்க வேண்டும். அவர்கள் எடுத்த ஆயுதம் என் பக்கம்தான் சேர்கிறது.

3. "போட்டுப் பார்த்தேன், தாங்கவில்லை" என்பவர்களுக்கு

இந்த வாக்குமூலத்தை நான் மதிக்கிறேன். எனக்கும் இது நடந்தது. நான்கு ஆண்டு ஒற்றைக் கருவிக்குப் பிறகு இடது காதுக்கும் வாங்கினேன். விற்றவர் புதிய கருவியை இடது காதின் அளவுக்கு அமைத்து மாட்டிவிட்டார். வலது கருவியைத் தொடவே இல்லை. அது ஒற்றைக் கருவிக்கான அமைப்பில் இருந்தது, புதியதும் அப்படியே. மூன்றாம் நாள் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் தொடங்கியதும் மண்டபத்தை விட்டு வெளியே ஓடிவந்தேன். இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் பந்தலில் நின்றபோது, ஊர் சொன்னது சரிதான் என்று நானும் நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு ஆடியாலஜிஸ்ட் இரண்டு கருவிகளையும் ஒன்றாகக் கணினியில் இணைத்தார். 'இரண்டு காது' என்று மாற்றியதும் திரையில் இரண்டு வளைகோடுகளும் இறங்கின. பிறகு ஓர் எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டி, "எரிச்சலா இருக்கா?" என்று கேட்டுக் கேட்டு உச்ச எல்லையையும் இறக்கினார். மொத்தம் இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடம் கிடைக்காததால் இரண்டாம் கருவியைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள் எத்தனை பேரோ! அமைப்பில் நேர்ந்த தவறுக்குக் காதைத் தண்டிக்கிறோம்.

4. நல்ல காது ஒன்றே போதும் என்றால் தலை ஒலி ஊடுருவும் திரையாக இருக்க வேண்டும்

தலை ஒரு சுவர். ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலியில் தாழ்ந்த அதிர்வெண்கள் தலையைச் சுற்றி வளைந்து மறு காதுக்குப் போய்விடும். உயர்ந்த அதிர்வெண்கள் அப்படி வளைவதில்லை; மறு காதை எட்டும்போது 10 முதல் 20 டெசிபெல் வரைகூடக் குறைந்துபோகும். உயிரெழுத்துகளின் பலம் கீழே இருக்கிறது; மெய்யெழுத்துகளைப் பிரித்துக்காட்டும் நுட்பம் பெரும்பாலும் மேலே இருக்கிறது. முதுமையில் காது முதலில் இழப்பதும் அந்த மேல்பகுதியைத்தான். கருவி இல்லாத பக்கத்தில் மனைவி உட்கார்ந்து பேசினால் குரல் வரும், சொல் வராது. பாட்டு கேட்கிறாரா, பாக்கு கேட்கிறாரா என்று தெரியாது. "பேசுறது கேக்குது, என்ன பேசுறாங்கன்னு புரியல" என்று காது மந்தமானவர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

அடுத்தது திசை. ஒலி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை மூளை இரண்டு வித்தியாசங்களை வைத்துக் கண்டுபிடிக்கிறது: எந்தக் காதுக்கு முதலில் வந்தது, எந்தக் காதில் உரமாக விழுந்தது. தாழ்ந்த ஒலிகளுக்கு முதலாவது, உயர்ந்த ஒலிகளுக்கு இரண்டாவது என்று 1907இலேயே ரேலி பிரபு விளக்கிவிட்டார். அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த நுண்ணிய ஒப்பீட்டுக்கு இரண்டு தரப்பும் ஆஜராக வேண்டும். ஒரு காதிடம் மட்டும் விசாரித்துத் திசையைச் சொல்ல முடியாது.

திருச்சி சத்திரம் பேருந்து நிலைய வாசலை ஒருநாள் கடந்துகொண்டிருந்தேன். அப்போது வலது காதில் மட்டும் கருவி. ஹாரன் வலது காதில் கேட்டது, வேறெங்கே கேட்கும்? பேருந்து வலப்புறம் வருகிறது என்று எண்ணி இடப்புறம் ஒதுங்கினேன். பேருந்து இடப்புறத்திலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. பூக்கார அம்மா ஒருவர் கூடையைக் கீழே போட்டுவிட்டு என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அந்த ஹாரன் எனக்குப் போதுமான சத்தத்தோடுதான் கேட்டது. எங்கிருந்து என்பதுதான் கேட்கவில்லை.

இரைச்சலிலும் இதே கதைதான். 1953இல் காலின் செர்ரி செய்த சோதனையில், ஒரே குரலில் பதிவான இரண்டு பேச்சுகளை ஒன்றாகக் கலந்து கொடுத்தபோது கேட்டவர்கள் திணறினார்கள். காதுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தபோது வேண்டியதை எளிதாகப் பின்தொடர்ந்தார்கள். கல்யாணப் பந்தியிலும் கடைவீதியிலும் ஒற்றைக் கருவிக்காரர் வாழ்வது முதல் வகைச் சோதனைக்குள். இரண்டு கருவிகள் இளமைக் காதைத் திருப்பித் தந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வலமா இடமா என்பதைத் தரும். எந்தப் பக்கம் இருப்பவர் பேசினாலும் அந்தப் பக்கத்தில் ஒரு காதைத் தரும்.

அரசின் கணக்கே நல்ல காதைத்தானே பெரிதாக எடுத்துக்கொள்கிறது என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். நம் நாட்டில் செவித்திறன் குறைபாட்டுக்குச் சதவீதம் போடும்போது நல்ல காதின் குறைவை 5 பங்காகவும் மோசமான காதின் குறைவை 1 பங்காகவும் வைத்து ஆறால் வகுக்கிறார்கள். அது சான்றிதழ் தருவதற்கான சூத்திரம். சாலையைக் கடப்பதற்கான சூத்திரம் அல்ல.

5. சும்மா விட்ட காது ஓய்வெடுப்பதில்லை, மறக்கிறது

மற்றக் காதைக் காப்பாற்றி வைப்போம் என்ற எண்ணத்தில் இருக்கும் அக்கறையை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் நடப்பது நேர் எதிர். 1984இல் சில்மன், கெல்ஃபாண்ட், சில்வர்மன் மூவரும் வெளியிட்ட ஆய்வு இரண்டு காதிலும் குறைவுள்ளவர்களைப் பல ஆண்டுகள் கழித்து மறுபடி பரிசோதித்தது. ஒரு காதில் மட்டும் கருவி அணிந்தவர்களுக்கு, கருவி இல்லாத காதின் சொல்லறியும் திறன் குறிப்பிடத்தக்க அளவுக்கு விழுந்திருந்தது. இரண்டிலும் அணிந்தவர்களுக்கு அப்படி விழவில்லை. ஒலியைக் கேட்கத் தொடங்கும் அளவில் காதுகளுக்கிடையே அப்படிப்பட்ட வித்தியாசம் இல்லை. காது அப்படியே இருந்தது. அந்தக் காதிலிருந்து வரும் சொல்லைப் புரிந்துகொள்ளும் பழக்கம்தான் போனது.

பிற்பாடு இரண்டாம் கருவி மாட்டியதும் சிலருக்கு அந்தத் திறன் ஓரளவு திரும்பியது. சிலருக்குத் திரும்பவில்லை. என் முதல் பரிசோதனையில் இரண்டு காதும் ஏறக்குறைய சமமாகச் சொற்களைத் திருப்பிச் சொன்னவை. நான்கு ஆண்டு கழித்து இடது காது பின்தங்கியிருந்தது. இன்றும் முழுதாக எட்டிப்பிடிக்கவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பதன் விலையை நான் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

6. பாதிப்பேர் ஒன்றைத்தான் விரும்புகிறார்களே?

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான். அமெரிக்காவில் ராபின் காக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வில் 94 பேர் ஒன்றையும் இரண்டையும் மாற்றி மாற்றி அணிந்து பார்த்தார்கள். மூன்று மாத முடிவில் 46 சதவீதத்தினர் ஒன்றே போதும் என்றார்கள். 1993இல் ஜெர்கரும் சகாக்களும், முதியவர்கள் சிலருக்கு ஒரு காது மற்றக் காதின் கேட்டலைக் கெடுப்பதையும் காட்டினார்கள். இந்த உண்மைகளை மறைத்து இரண்டு கருவி விற்கிறவர்களோடு நான் கைகோக்க மாட்டேன். சுத்தமாகக் கேட்கும் திறன் போன காது, ஓயாமல் சீழ் வடியும் காது, ஒலியைச் சொல்லாகப் பிரிக்கவே முடியாத காது ஆகியவற்றுக்கு ஒற்றைக் கருவி நியாயமான முடிவு.

ஆனால் அந்த 46 சதவீதத்தினர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள்? இரண்டையும் வாழ்ந்து பார்த்த பிறகு. அதே ஆய்வில் இரண்டைத் தேர்ந்தெடுத்தவர்கள், ஒன்றைத் தேர்ந்தெடுத்தவர்களைவிடத் தங்கள் அன்றாட வாழ்வில் கூடுதல் பயன் கிடைத்ததாகச் சொன்னார்கள். நம் ஊரில் நடப்பதோ வேறு: பார்க்காமலே ஒன்று. பரிசோதித்துச் சேர்ந்த முடிவுக்கும் பரிசோதிக்காமலே தொடங்கிய முடிவுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது நோயாளியின் தேர்வு. இரண்டாவதில் அவருக்காக வேறு யாரோ தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

7. செலவு உண்மையான தடை. அதைச் செலவு என்றே சொல்லுங்கள்

ஓய்வூதியத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு கருவியே பெரும் பாரம். இரண்டு வாங்க முடியாதவர் ஒன்று வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. ஒன்றுமில்லாமல் இருப்பதைவிட ஒன்று எவ்வளவோ மேல். நான் எதிர்ப்பது, காசு இல்லை என்பதை "ஒன்றுதான் உடம்புக்கு நல்லது" என்று மருத்துவ உண்மையாக மாற்றிச் சொல்வதை. அப்படிச் சொன்ன நாளிலிருந்து அந்த வீட்டில் இரண்டாம் கருவிக்காக யாரும் பணம் சேர்க்க மாட்டார்கள். காசு வந்த பிறகும் வாங்க மாட்டார்கள்.

இன்னொன்றும் கண்ணால் பார்க்கிறேன். இருக்கிற பணத்தையெல்லாம் போட்டு, ப்ளூடூத்தும் செயலியும் உள்ள விலையுயர்ந்த ஒற்றைக் கருவியை வாங்குகிறார்கள். இரண்டு காதும் சமமாக மந்தமாக இருந்தால் அதே பணத்துக்கு எளிய டிஜிட்டல் கருவிகள் இரண்டு வாங்கி, அவற்றைச் சரியாக அமைத்துக்கொள்வது பெரும்பாலோருக்கு நல்லது. காதின் ஒப்பிடும் வேலையை எந்தச் செயலியும் ஒரே காதில் செய்து தராது.

இந்தக் கருத்து நிலைப்பதால் யாருக்கு என்ன ஆகிறது என்பதை நேராகப் பார்க்க வேண்டும். ஒற்றைக் கருவியோடு அனுப்பப்பட்ட பெரியவர் கூட்டத்தில் திணறுகிறார். திணறுவதால் கூட்டத்துக்குப் போவதை நிறுத்துகிறார். வீட்டார் அதை வயதின் இயல்பு என்கிறார்கள். கருவியில் பயனில்லை என்று அவரே முடிவு கட்டி அதையும் கழற்றி வைக்கிறார். பிறகு அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும், "மெஷின் வாங்காதீங்க, வெறும் சத்தம்தான்" என்று சொல்கிறார். ஒரு காதைக் கைவிட்டதில் தொடங்கியது, இரண்டு காதையும் கைவிடுவதில் முடிகிறது.

எனவே உங்கள் அம்மாவையோ அப்பாவையோ பரிசோதனைக்கு அழைத்துப்போகிறவர்கள் பில் போடுவதற்கு முன் அந்தத் தாளைக் கையில் வாங்குங்கள். இரண்டு கருவிகளையும் மாட்டி, 'இரண்டு காது' என்றே கணினியில் அமைத்து, சில நாட்களாவது வீட்டிலும் தெருவிலும் பழகிப் பார்க்கக் கேளுங்கள். ஒன்றுதான் என்று சொன்னால், நீலக் கோட்டின் மேல் விரலை வைத்து, "இந்தக் காதுக்கு ஏன் வேண்டாம்?" என்று கேளுங்கள். பரிசோதனையில் கண்ட காரணம் இருந்தால் சொல்வார்கள், ஏற்றுக்கொள்ளுங்கள். "சத்தம் அதிகமாயிடும்" என்பதுதான் பதில் என்றால் எழுந்து வேறிடம் போங்கள்.